பெருங்குடல் அறுவை சிகிச்சையா? முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

எனக்கு மூன்று முறை வயிற்றில் கத்தி வைத்திருக்கிறார்கள். முதல் முறை ஆஸ்பத்திரி வராந்தாவில் இருபத்தைந்து பேர் நின்றார்கள். ரத்தம் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை ஐந்தே பேர். எதற்கும் குறை வரவில்லை. இடைப்பட்ட ஆறு மாதத்தில் நானும் வீட்டுக்காரியும் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எனக்கு வந்தது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி, சளியும் ரத்தமுமாகப் போகும். மோசமான நாளில் பதினைந்து தடவை. எங்கள் பக்கம் இதற்கு முதலில் வைக்கும் பெயர் சூடு. அப்புறம் மூலம், அதற்கும் அப்புறம் ரத்தக் கடுப்பு. மூன்று பெயருக்கும் மூன்று வைத்தியம் பார்த்ததில் ஒன்றரை வருடம் போயிற்று. காரைக்குடியைச் சுற்றியுள்ள பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் கடந்து பின்தெருவை ஒட்டித்தான் கக்கூஸ் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தத் தூரத்தை ஓடியே அளந்தவன் நான்.

1. எதற்காக அறுவை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

டாக்டர் ஆபரேஷன் என்றதும் காது அடைத்துவிடும். அதற்குப் பிறகு அவர் சொல்வது எதுவும் ஏறாது. அதனால் அடுத்த முறை இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு, கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மருந்துகள் எடுபடாமல் போவது, ஸ்டீராய்டை நிறுத்த முடியாமல் போவது, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிவது, குடல் வீங்கி ஓட்டை விழும் அபாயம், நிற்காத ரத்தப்போக்கு. பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். உங்களுக்கு எது என்று கேளுங்கள். நோய் கோலைட்டிஸா, குரோன் என்ற இன்னொரு குடல் நோயா என்பதையும் கேளுங்கள். கோலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்கும் நோய். அதை முழுதாக எடுத்துவிட்டால் அந்தப் புண் திரும்ப வர இடமில்லை. குரோன் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்பவும் வரலாம். நம் நாட்டில் குடல் காசநோயும் பார்வைக்குக் குரோன் மாதிரியே இருக்கும் என்பதால், அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிட்டார்களா என்று கேட்பதில் தப்பில்லை.

எனக்குச் சொன்ன திட்டம் மூன்று கட்டம். முதலில் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் வெளியே கொண்டுவந்து வைப்பது. அதற்குப் பெயர் ஸ்டோமா. அதன் மேல் பை ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்து, உள்ளேயே ஒரு பை போலத் தைத்து ஆசனவாயோடு சேர்ப்பது. மூன்றாவதில் வயிற்றுமேல் வாயை மூடுவது. உடம்பு தாங்கினால் சிலருக்கு இரண்டே கட்டத்தில் முடியும். சிலருக்கு ஸ்டோமா நிரந்தரம்.

இது நேற்று வந்த வைத்தியமா என்று கேட்கும் பெரியப்பாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. 1978-இல் லண்டனில் பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இரு டாக்டர்கள் இந்த உள்பை முறையை எழுதி வெளியிட்டார்கள். 1980-இல் ஜப்பானின் உட்சுனோமியா இன்று பரவலாகச் செய்யப்படும் ஜே வடிவத்தைக் கொண்டுவந்தார். பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நம்ம வீட்டுக் கரண்டு வயரை விடப் பழசுதான்" என்றார். அதற்கு மேல் எதிர்ப்பு வரவில்லை.

2. தள்ளிப்போடாதீர்கள்

என் தவறு இங்கேதான். தையில் செய்துகொள்ளலாம் என்றார் டாக்டர். ஆச்சி மகள் கல்யாணம் முடியட்டும் என்றேன். (எங்கள் வீட்டில் அக்காவை ஆச்சி என்றுதான் கூப்பிடுவோம்.) அது முடிந்ததும் மீனாட்சிபுரம் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்துவிட்டு வருகிறேன் என்றேன். பங்குனியும் போனது. சித்திரையில் ஒரு ராத்திரி வயிறு கல்லாகி, காய்ச்சல் ஏறி, 108-இல் ஏற்றினார்கள்.

நாள் குறித்துச் செய்யும் அறுவையில் ரத்தம் ஏற்றி, சத்தை ஏற்றி, ஸ்டீராய்டைக் குறைத்து உடம்பைத் தயார் செய்ய நேரம் கிடைக்கும். அவசரத்தில் அதெல்லாம் கிடையாது. நல்ல நாள் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் தரும் இரண்டு மூன்று தேதிகளுக்குள் பாருங்கள்.

3. நோட்டைத் திறந்து வேலையைப் பிரியுங்கள்

நம் ஊரில் கல்யாணம் என்றால் பந்திக்கு ஒருவர், மொய் எழுத ஒருவர், சமையல்காரரிடம் சாமான் எடுத்துக் கொடுக்க ஒருவர் என்று முன்கூட்டியே எழுதிவைப்போம். ஆஸ்பத்திரிக்கு மட்டும் எல்லோரும் சேர்ந்து போய், எல்லோரும் சேர்ந்து நின்று, எல்லோரும் சேர்ந்து அழுவோம். முதல் அறுவையில் எனக்கு நடந்தது அதுதான். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யச் சொன்னார்கள். வந்திருந்த இருபத்தைந்தில் பாதிப்பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். நான்கு பேர் சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள். இரண்டு மருமகப்பிள்ளைகள் சஷ்டி விரதம் என்று வெறும் வயிற்றில் வந்திருந்தார்கள். ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசியில் கொடுத்தது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஆட்டோக்காரர் ஒருவரும் அவருடைய நண்பரும்.

இரண்டாம் அறுவைக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினோம். பக்கத்துக்கு ஒரு வேலை, வேலைக்கு ஒரு பெயர், பெயருக்குக் கீழே போன் நம்பர்.

பேசும் ஆள் ஒருவர். டாக்டரிடம் பேசுவது, கேட்டதை எழுதுவது, ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸாப்பில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே ஒரு செய்தி போடுவது. எங்களுக்கு அயித்தான் செய்தார். இந்த ஒரு ஏற்பாட்டால் வீட்டுக்காரிக்கு வரும் போன் நாளைக்கு நாற்பதிலிருந்து நான்காகக் குறைந்தது. நிதானமான ஆளாகப் பாருங்கள். பாசம் அதிகமானவரை இந்த வேலைக்குப் போடாதீர்கள். அவருக்கு வேறு வேலை இருக்கிறது.

ரத்தத்துக்கு ஒருவர். பழனிப் பாதயாத்திரைக்கு ஆண்டுதோறும் ஆள் திரட்டிக் கூட்டிப்போகும் தம்பி ஒருவன் இருந்தான், அவனிடம் விட்டோம். 18 முதல் 65 வயது, குறைந்தது 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5, ஆண்கள் கொடுத்து மூன்று மாதமும் பெண்கள் கொடுத்து நான்கு மாதமும் ஆகியிருக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். இதை அவன் அப்படியே மெசேஜாக அனுப்பி, ஆறு பேரைத் தயாராக வைத்திருந்தான்.

இரவில் பக்கத்தில் இருக்க இருவர், மாற்றி மாற்றி. மனைவியோ அம்மாவோ மட்டும் எல்லா இரவும் விழித்தால் நான்காம் நாள் அவர்களுக்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர்கள் கை அதிகம் தேவைப்படும், அதுவரை தூங்கவிடுங்கள்.

மற்றவை சின்னப் பக்கங்கள்: பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவர், கடை சாவிக்கு ஒருவர், வண்டிக்கு ஒருவர். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் என்பதால், திடீரென்று கிளம்பினாலும் இரண்டு மணி நேரம் ஆகும். வண்டிக்காரர் ராத்திரியில் போன் எடுப்பவராக இருக்கட்டும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, நான் என்ன செய்யட்டும் என்று கேட்டான். பணம் என்று சொல்லத் தயங்கினேன், வீட்டுக்காரி தயங்கவில்லை. மூன்று மாதப் பைச் செலவு அவன் பெயரில் எழுதப்பட்டது.

கடைசிப் பக்கம் ஒரு முக்கியமான ஆளுக்கு. இதே அறுவையை ஏற்கெனவே செய்துகொண்ட ஒருவர். சர்ஜனிடமோ ஸ்டோமா நர்ஸிடமோ கேட்டால், சம்மதம் தருபவர் ஒருவரோடு பேச வைப்பார்கள். மும்பையில் ஆஸ்டமி அசோசியேஷன் ஆஃப் இந்தியா என்ற அமைப்பும் இருக்கிறது. எனக்குக் கிடைத்தவர் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார். பையோடு பஸ்ஸில் போகலாமா, நாற்றம் வருமா, குளிக்கும்போது கழற்றணுமா, மனைவி முகம் சுளிப்பாளா என்று டாக்டரிடம் கேட்க முடியாததை எல்லாம் அவரிடம் கேட்டேன். "நான் பையோடதான் தம்பி உங்ககூட ஒரு மணி நேரமா உக்காந்திருக்கேன்" என்றார். எனக்குத் தெரியவே இல்லை.

4. காசும் காகிதமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போங்கள். தனியார் இன்சூரன்ஸ் என்றால் முன்அனுமதியை அட்மிஷனுக்கு முன்பே வாங்குங்கள். கொலனோஸ்கோபி, பயாப்ஸி, ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் போட்டு இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் வாங்கும் பைகளுக்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள். மாதச் செலவில் அது ஒரு கணக்காகவே உட்கார்ந்துவிடும்.

5. உடம்பைத் தயார் செய்வது, வேட்டி கட்டும் இடம் உட்பட

ஸ்டீராய்டு எத்தனை நாளாக, எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பீடி, சிகரெட்டை இன்றைக்கே விடுங்கள். மூன்று பந்து உள்ள ஊதுகுழலை முன்னாலேயே வாங்கி, உள்ளே இழுத்துப் பழகுங்கள். அறுவைக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க அதுதான் துணை. நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

ஸ்டோமா எங்கே வரவேண்டும் என்று முன்கூட்டியே வயிற்றில் மையால் குறிக்க வேண்டும். படுத்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, மடிப்பு விழாத, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற, கைக்கு எட்டுகிற இடமாகப் பார்த்துக் குறிப்பார்கள். என் முதல் அறுவை அவசரத்தில் நடந்ததால் அதைச் செய்யவில்லை. ஸ்டோமா சரியாக வேட்டி கட்டும் வரியில் வந்து உட்கார்ந்தது. ஆறு மாதம் வேட்டி இறங்கினால் பை தெரியும், ஏற்றிக் கட்டினால் பை நசுங்கும். இரண்டாம் அறுவையில் சொல்லி இடத்தை மாற்றிவைக்கச் செய்தேன். குறிக்கிற அன்று நீங்கள் வழக்கமாகக் கட்டுவதைக் கட்டிக்கொண்டு போங்கள். வேட்டி, கைலி, பேன்ட் பெல்ட், பெண்கள் என்றால் பாவாடை நாடாவும் புடவைக் கொசுவமும் எங்கே விழுகிறது என்று காட்டுங்கள். அரைஞாண் கயிறு இருந்தால் அதையும்.

6. ஆஸ்பத்திரி நாட்கள்

சிக்கல் இல்லையென்றால் ஒரு வாரம், பத்து நாள் இருக்க வேண்டியிருக்கும். பையில் காற்றும் தண்ணீரும் இறங்கினால் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். வலிக்குதா என்றால் வலிக்குது என்று சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால் இருமவும் முடியாது, நடக்கவும் முடியாது. காலில் ரத்தம் உறையாமல் இருக்க நடை அவசியம். மறுநாளே பிடித்து உட்கார வைப்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதன்முதலில் ஸ்டோமாவைப் பார்க்கும்போது மனசு விழும். சிவப்பாக, ஈரமாக, வாய்க்குள் இருக்கும் சதையைப் போல இருக்கும். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது துளி ரத்தம் வரலாம். வீக்கம் வடிந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் சிறுக்கும். எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டேன். நான்காம் நாள் நர்ஸ் கையுறையை என் கையில் கொடுத்து, "அண்ணே, இன்னைக்கு நீங்க பண்ணுங்க, நான் பாக்குறேன்" என்றார். அன்றைக்கு வீட்டுக்காரியும் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டாள். இருவரும் குறைந்தது இரண்டு முறை தாங்களே மாற்றிப் பார்க்காமல் டிஸ்சார்ஜ் வாங்காதீர்கள்.

7. பை மாற்றும் பழக்கம்

பை மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் பாதி நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். முழுதாக நிறையவிட்டால் எடை தாங்காமல், பையைத் தோலோடு ஒட்டிவைக்கும் தட்டு பெயரும். தட்டை மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை மாற்றலாம். நம் சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது இரண்டு நாள்கூட ஒட்டாது, கூடுதலாக வாங்கி வையுங்கள். புதுப் பைகளை வெயில் படும் காரிலோ தகர பீரோவிலோ வைத்தால் பசை உருகி வீணாகும்.

காலையில் காபிக்கு முன்பு மாற்றுங்கள். வயிறு அப்போதுதான் சும்மா இருக்கும். பழைய தட்டை மெதுவாக உரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். டெட்டால் வேண்டாம், பவுடர் நிறையப் பூச வேண்டாம், தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். தோல் சிவந்திருக்கிறதே என்று ஆத்தா அன்போடு எண்ணெய் தடவிவிட்டார்கள்; அன்றைக்கு மூன்று தட்டு வீண். ஸ்டோமாவை அளவுத்தாளில் அளந்து, அதைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக ஓட்டை வெட்டுங்கள். ஓட்டை பெரிதானால் கழிவு பட்டுத் தோல் வெந்துவிடும். ஒட்டியபின் உள்ளங்கைச் சூடு படும்படி ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டில் இருப்பவர்கள் குளியலறைக்குப் பக்கத்து அறைக்குக் கட்டிலை மாற்றிவிடுங்கள். இந்தியன் கக்கூஸ் என்றால் குட்டி முக்காலி ஒன்றும், கைப்பிடி உள்ள ஜக் ஒன்றும் போதும். ஆத்தங்குடிக் கல் தரை ஈரம் பட்டால் வழுக்கும், ராத்திரி விளக்கு எரியட்டும். கழற்றிய பையைக் காலி செய்து, செய்தித்தாளில் சுற்றி, கவரில் கட்டித் தனியாகக் குப்பைக்குக் கொடுங்கள். கக்கூஸில் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

8. சாப்பாடும் உப்பும்

சிறுகுடல் உறிஞ்சியது போக மிஞ்சும் தண்ணீரையும் உப்பையும் பெருங்குடல்தான் உறிஞ்சும். அது இல்லாதபோது இரண்டும் பை வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். முதல் வாரங்களில் பையில் வருவதை அளந்து எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் அன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். தாகம் என்று வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் உப்பு இன்னும் இறங்கும். ஓ.ஆர்.எஸ். குடியுங்கள். பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட வடிகஞ்சியும் நீர்மோரும் நல்லது. இளநீரில் உப்புச் சத்து குறைவு என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பிரஷர், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை உள்ளவர்கள் இந்த அளவுகளை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இட்லி, குழைந்த சோறு, இடியாப்பம், வாழைப்பழம், தோல் நீக்கிய உருளைக்கிழங்கு, வெந்த மீன், முட்டை, இவற்றில் ஆரம்பியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளை. காரம் ஸ்டோமாவை ஒன்றும் செய்யாது, ஆனால் எரிச்சலாக வெளியே வரும். மிளகுக் கோழிக்கு அவசரமில்லை. நார் உள்ளதுதான் முதல் இரண்டு மாதத்துக்கு எதிரி. ஐந்தாம் வாரம் எனக்குப் பிடிக்குமே என்று ஆத்தா கவுனி அரிசி செய்து தேங்காய்த் துருவலை அள்ளிப் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். நான்கு மணி நேரத்தில் வயிறு முறுக்கி, பையில் ஒன்றுமே இறங்காமல், ஒரு ராத்திரி டிரிப் ஏற்றிக்கொண்டு கிடந்தேன். கவுனி, தேங்காய், நிலக்கடலை, சோளம், காளான், கீரைத் தண்டு, முருங்கைச் சக்கை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக, நன்றாக மென்று. நோட்டில் சாப்பாட்டுப் பக்கத்தில் இந்தப் பட்டியலை எழுதி, அடுப்படியில் ஒட்டிவிடுங்கள். பாசம் அதிகமானவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது என்றேனே, இதுதான்: ஓ.ஆர்.எஸ். கலக்குவதும், மணிக்கு ஒரு தம்ளர் கொடுப்பதும்.

மாத்திரை முழுசாகப் பையில் வந்து விழுந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகள் சிலருக்கு அப்படியே வந்துவிடும், மாற்றித் தருவார்கள். வயிறு போவதற்காகச் சாப்பிடும் பேதி மாத்திரை எந்தக் காரணத்துக்கும் கூடாது.

9. உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

ஸ்டோமா ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறுவது. நான்கு முதல் ஆறு மணி நேரம் ஒன்றும் வராமல் வயிற்றுவலியும் வாந்தியும். நிற்காத ரத்தம். குளிர்க் காய்ச்சல். தலைசுற்றி, மூத்திரம் குறைந்து அடர் நிறத்தில் போவது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது. இவற்றில் எது வந்தாலும் வண்டிக்காரரைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரப்பிள்ளை எதுவும். மீறினால் ஸ்டோமாவின் ஓரத்தில் குடல் பிதுங்கும்.

10. பார்க்க வருகிறவர்கள்

பார்க்க வராமல் இருந்தால்தான் நம் ஊரில் கோபம். வரட்டும், ஆனால் முகப்போடு. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து காபி கொடுத்து, "தூங்குறான், எந்திரிச்சதும் சொல்றேன்" என்று அனுப்பிவைத்தார்கள். அந்த மாதத்தில் நான் அவ்வளவு தூங்கியதாக ஊரே நம்பியது. பையைக் காட்டு என்று கேட்பவர்களும் உண்டு. காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எத்தனை பேருக்கு எவ்வளவு சொல்வது என்பதை முன்பே வீட்டில் பேசிவைத்தால், ஆளுக்கொரு கதை கிளம்பாது.

மனைவியிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். நான் மூன்று வாரம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கடைசியில் அவள்தான், "பையை மாத்திவிட்டதே நான், என்கிட்ட என்னங்க வெக்கம்?" என்றாள். அழுகை நிற்கவில்லை, தூக்கம் வரவில்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால், மனநல டாக்டரைப் பார்ப்பதையும் நோட்டில் ஒரு வேலையாக எழுதுங்கள்.

11. வெளியே கிளம்புவது

உள்பை வைத்து மேல்வாயை மூடியபின் ஒரு நாளைக்கு ஐந்து முதல் ஏழு முறை போவது வழக்கம்; ஆரம்பத்தில் அதற்கு மேலேயும் இருக்கும். எனக்கு இப்போது ஆறு. ஆனால் அடக்கிவைக்க முடிகிறது, ஓட வேண்டியதில்லை. உள்பையில் அழற்சி வரலாம்; போகும் முறை திடீரென்று கூடி வயிறும் வலித்தால் காட்டுங்கள், பெரும்பாலும் ஆன்டிபயாடிக்கில் அடங்கும்.

பையோடு போன முதல் விசேஷம் பிள்ளையார்பட்டியில் ஒரு சஷ்டியப்தபூர்த்தி. தோள்பையில் இரண்டு வெட்டிய தட்டு, இரண்டு பை, டிஷ்யூ, தண்ணீர் பாட்டில், ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ்., மாற்று வேட்டி. மண்டபத்தில் கால் வைத்ததும் கழிப்பறை எங்கே என்று பார்த்துவைத்துவிட்டு, பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தேன். பக்கத்து இலைக்காரர் பால் பணியாரத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "வயிறு சரியாயிருச்சா?" என்றார். சரி என்றேன். அவர் எனக்கும் இன்னொன்று வைக்கச் சொன்னார்.